சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை: மாற்று எஞ்சின் ஏற்றிய ஒரு லோரியின் கதை

இயந்திரப் பொறியியல் மாணவன் என்பதால் இவ்வாண்டு இதழின் அறிவியல் கட்டுரை என் தலையில் விழுந்தது. பாடநூலைப் பார்த்து எழுதுவதைவிட, 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு விடுமுறையில் என் மாமாவின் லோரியோடு ஐந்து நாள் பட்ட பாட்டை எழுதுவது மேல் என்று தோன்றியது. வீட்டில் லோரியோ வேனோ வைத்திருப்பவர்களின் பிள்ளைகள் நம் கழகத்தில் பலர் இருக்கிறோம். அவர்களுக்கு இது நேரடியாகவே உதவும். மற்றவர்கள், காரை ஸ்டார்ட் செய்யும்போது ரேடியோ ஏன் ஒரு கணம் நின்றுவிட்டு மீண்டும் பாடுகிறது என்பதையாவது தெரிந்துகொள்ளலாம்.

மாமா தெலுக் இந்தான் பக்கம், சிறு தோட்டக்காரர்களின் செம்பனைக் குலைகளை ஏற்றிச் செல்லும் தொழில் செய்பவர். இருப்பது ஒரே லோரி. வெட்டிய குலையை 24 மணி நேரத்திற்குள் ஆலையில் வேக வைத்துவிட வேண்டும். தாமதமானால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறித் தரம் கெடும். ஆகவே லோரி நின்றுவிட்டால் தோட்டக்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள், வேறொரு லோரியைக் கூப்பிடுவார்கள். அப்படிப் போனவர்கள் திரும்பி வருவார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சூடேறி சிலிண்டர் தலை வெடித்துப் போன பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு, 'ஹாஃப் கட்' கடை ஒன்றிலிருந்து அதே வகை எஞ்சினை வாங்கி வந்தார். இசுசு 4ஜேபி1: நான்கு சிலிண்டர், 2,771 சிசி, டீசல். கடையில் தரையில் வைத்தே ஓட்டிக் காட்டினார்கள். மாமாவும் அவருடைய நண்பரான ஒரு போர்மனும் (மெக்கானிக்கை நம் நாட்டில் அப்படித்தானே அழைக்கிறோம்) வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இரண்டு நாளில் அதை ஏற்றி முடித்தார்கள். மூன்றாம் நாள் சாவியைத் திருப்பினால் 'கிர்கிர்' என்று நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. அன்றிரவு எனக்குத் தொலைபேசி வந்தது.

"நீ எஞ்சினியரிங்தானேடா படிக்கிற? வந்து பாரு."

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டால் வயிற்றில் என்ன நடக்கும் என்பது பொறியியல் படிக்கும் அனைவருக்கும் தெரியும். மூன்றாண்டுகளில் டீசல் சுழற்சியின் வெப்பத்திறனைப் பலமுறை கணக்கிட்டிருக்கிறேன். ஓர் எஞ்சினின் மூடியைக்கூட நான் தனியாகத் திறந்ததில்லை.

சுற்றுவதும் பிடிப்பதும்

பட்டறைப் பேச்சில் 'சுத்துது, புடிக்கல' என்பார்கள். அதிலேயே பாதி நோயறிதல் இருக்கிறது. சுற்றுகிறது என்றால் பேட்டரி, ஸ்டார்ட்டர், ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த ஒயர் ஆகியவை வேலை செய்கின்றன. எஞ்சினும் உள்ளே இறுகிப் போகவில்லை. பிடிக்கவில்லை என்றால் சிலிண்டருக்குள் தீ பற்றவில்லை. இனித் தேட வேண்டியது, தீ ஏன் பற்றவில்லை என்பதை மட்டுமே.

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறிக்கு பிளக் இருக்கிறது. ருடால்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய எஞ்சினில் அது இல்லை. காற்றை மட்டும் இழுத்து, ஏறக்குறைய 18இல் ஒரு பங்காக நசுக்கினால் காற்றே கொதிக்கும். நம் ஊர் 30 டிகிரிக் காற்றை அப்படி நசுக்கினால் கணக்குப்படி 600 டிகிரியைத் தாண்ட வேண்டும். சிலிண்டர் சுவர் வெப்பத்தை இழுத்துக்கொள்வதாலும், வளையங்களின் இடுக்கில் காற்று கசிவதாலும் உண்மையில் குறைவாகவே ஏறும். ஆனாலும் டீசல் தானாகப் பற்ற ஏறத்தாழ 210 டிகிரி போதும். அந்தச் சூட்டில், சரியான நொடியில், இன்ஜெக்டர் வழியாக டீசல் பனிபோல் பீய்ச்சப்பட வேண்டும். நசுக்கிய காற்று, பீய்ச்சிய டீசல், சரியான நேரம் ஆகிய மூன்றும் கூடினால் எஞ்சின் பிடித்துத்தான் ஆக வேண்டும்.

குளிர் நாட்டுக் கையேடுகள் முதலில் 'குளோ பிளக்' எனப்படும் சூடேற்றியைப் பார்க்கச் சொல்கின்றன. நான் எடுத்துப் போன பாடநூலிலும் அப்படித்தான். டீசலை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் இவ்வகை எஞ்சினுக்கு, பிற்பகல் வெயிலில் தெலுக் இந்தானில் அது பெரிதாகத் தேவைப்படாது. அரை நாளை அதில் வீணாக்கினேன்.

கை பட்ட இடங்கள்

ஓடிக்கொண்டிருந்த லோரி திடீரென நின்றால், எதோ தேய்ந்தோ உடைந்தோ இருக்கும். மாற்று எஞ்சினின் கதை வேறு. கடையில் அது ஓடியதை மாமா கண்ணால் பார்த்திருக்கிறார். கடைக்கும் கொட்டகைக்கும் இடையில் அதன் பிஸ்டனோ பம்போ கெட்டுப் போக வழியில்லை. மாறியவை எல்லாம், பழைய லோரியும் புதிய எஞ்சினும் சேரும் இடங்கள் மட்டுமே. எண்ணெய்க் குழாய், ஒயர், காற்றுக் குழாய், தரை ஒயர் என அவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஸ்பேனர் பட்ட இடங்களைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இது இப்போது எனக்கு மிக எளிதாகத் தெரிகிறது. அன்று தெரியவில்லை.

தரை ஒயரை எடுத்துக்கொள்வோம். எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே எஞ்சினையும் சட்டத்தையும் இணைக்கத் தனியாக ஒரு பட்டை ஒயர் உண்டு. எஞ்சின் மாற்றும்போது அதைத் திரும்பப் பூட்ட மறப்பது வழக்கமான தவறு. அப்போது ஸ்டார்ட்டரின் மின்சாரம் எண்ணெய் மிதியின் கேபிள் போன்ற மெல்லிய வழிகளைத் தேடிப் போகும். கேபிள் கைவைக்க முடியாமல் சுடும், எஞ்சினும் சோம்பலாகச் சுற்றும். காற்றுக் குழாய் வேறு வகை. தூசி போகாமலிருக்க அதன் வாயில் அடைத்த துணியை எடுக்க மறந்துவிட்டு, காலையிலிருந்து மாலை வரை ஸ்டார்ட் அடித்தவர்கள் இருக்கிறார்களாம். போர்மன் அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார். எங்கள் லோரியில் துணி இல்லை, பட்டை ஒயரும் பூட்டியிருந்தது.

எண்ணெய்க் குழாய்தான் அதிக சிக்கல். தொட்டியிலிருந்து வரும் குழாயும், மிச்ச டீசலைத் தொட்டிக்குத் திருப்பும் குழாயும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். இந்த எஞ்சினில் உள்ளது போஷ் நிறுவனம் வடிவமைத்த விஇ வகைப் பம்பு. அதில் திரும்பும் குழாயைப் பூட்டும் துளை போல்ட்டின் தலையில் 'அவுட்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அதனுள்ளே ஊசித் துளை அளவுதான் வழி, ஏனெனில் பம்பின் உள்ளே அழுத்தம் தங்க வேண்டும். உள்ளே வரும் பக்கத்தின் போல்ட்டுக்குப் பெரிய துளை. இரண்டு போல்ட்டுகளையும் இடம் மாற்றிப் பூட்டிவிட்டால், பம்பு ஊசித் துளை வழியாக டீசல் குடிக்க முயன்று பட்டினி கிடக்கும். கழற்றிப் பார்த்தோம். சரியாகவே இருந்தன.

புகை வருகிறதா?

டீசல் எஞ்சின் பிடிக்காதபோது முதலில் போய் நிற்க வேண்டிய இடம் புகைப்போக்கி. ஒருவர் ஸ்டார்ட் அடிக்க, மற்றவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். வெள்ளை அல்லது சாம்பல் புகை வந்தால், டீசல் சிலிண்டருக்குள் போகிறது, எரியவில்லை. அப்போது அழுத்தக் குறைவு, பம்பின் நேரப் பொருத்தம், சுற்றும் வேகம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். புகையே இல்லை என்றால் டீசல் போகவே இல்லை. ஓராண்டு படித்த பாடத்தைவிட இந்த ஒரு சோதனை எனக்கு அதிகம் சொன்னது. எங்கள் லோரியில் புகை இல்லை.

அடுத்து, டீசல் எதுவரை வருகிறது என்று தொட்டியிலிருந்து முன்னோக்கி நடக்க வேண்டும். வடிகட்டியின் தலையில் கையால் அழுத்தும் சிறு பம்பு உண்டு. அருகிலுள்ள காற்று நீக்கும் திருகைத் தளர்த்திவிட்டு அதை அழுத்தினால், முதலில் நுரை வரும், பிறகு குமிழ் இல்லாத டீசல் வரும். குழாய்க்குள் காற்று தங்கினால் பம்பு எவ்வளவு அழுத்தினாலும் காற்று பந்துபோல் சுருங்கி விரியுமே தவிர, இன்ஜெக்டரைத் திறக்கும் அழுத்தம் உருவாகாது. இன்ஜெக்டர் திறக்கக் காற்றழுத்தத்தைப் போல 150 மடங்குக்கு மேல் வேண்டும். நாங்கள் இரண்டு முறை காற்று எடுத்தோம். பம்பின் வாசல் வரை டீசல் நன்றாக வந்தது.

பிறகு இன்ஜெக்டர் பக்கம் குழாய் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு ஸ்டார்ட் அடித்தோம். பம்பு வேலை செய்தால் அங்கே டீசல் துடித்துத் துடித்து வெளியேறும். இங்கே ஓர் எச்சரிக்கை. கையையோ முகத்தையோ அருகில் கொண்டு போகக்கூடாது. இந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், அது மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம். துணியைச் சுற்றி வைத்துவிட்டு எட்டி நின்று பார்க்க வேண்டும். ஸ்டார்ட்டரையும் ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து வினாடிக்கு மேல் சுற்றவிடாமல், இடையில் ஒரு நிமிடமாவது ஆறவிட வேண்டும்.

முதல் சுற்றில் ஒரே ஒரு நட்டில் ஓரிரு சொட்டு வந்தது. பிறகு எதுவுமில்லை. நான் என் குறிப்பேட்டில் 'பம்புக்குள் டீசல் வருகிறது, வெளியே வரவில்லை, ஆகவே பம்பு கோளாறு' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். அந்த ஓரிரு சொட்டு ஏன் வந்தது என்று நான் கேட்கவில்லை.

பம்பின் தலையில், வெளிக்குழாய்கள் கிளம்பும் இடத்துக்கருகில் ஒரு சொலினாய்டு இருக்கிறது. மின்சாரம் கிடைத்தால் அதன் முளை மேலே இழுக்கப்பட்டு டீசலுக்கு வழிவிடும். மின்சாரம் நின்றால் வில் அதைத் தள்ளி வழியை அடைத்துவிடும். டீசல் எஞ்சினைச் சாவியால் நிறுத்துவது இதன் மூலம்தான். போர்மன் அண்ணன் இதை நான் வருவதற்கு முன்பே பார்த்துவிட்டார். 12 வோல்ட் லோரியில் 24 வோல்ட் சொலினாய்டு வந்துவிட்டதா என்று முத்திரையைப் படித்திருந்தார், 12தான். சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பினால் 'டிக்' என்று சத்தம் வந்தது. டெஸ்ட் விளக்கை வைத்தால் எரிந்தது. நானும் ஒரு தடவை செய்து பார்த்தேன். டிக். விளக்கு எரிந்தது. சொலினாய்டை இருவரும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டோம்.

நான்காம் நாள் ஈப்போவிலுள்ள ஒரு பம்பு கடைக்குப் பேசினோம். கழற்றிக் கொண்டு வந்தால் பிரித்துப் பார்க்கலாம், ஏறத்தாழ 1,600 ரிங்கிட் ஆகும் என்றார்கள். மாமா ஒன்றும் பேசவில்லை. எஞ்சின் வாங்கியதே கடனில்தான். அன்று மாலை தோட்டக்காரர் ஒருவர், தம் குலைகளை வேறொருவர் எடுத்துப் போய்விட்டதாகத் தகவல் அனுப்பியிருந்தார்.

அத்தை சொன்னது

ஐந்தாம் நாள் காலை, பம்பைக் கழற்றுமுன் கடைசியாக ஒருமுறை அடித்துப் பார்ப்போம் என்றார் மாமா. இத்தனை நாளும் நாங்கள் மூவரும் லோரிக்கு அடியில் கிடந்தபோது, மேலே உட்கார்ந்து சாவியைத் திருப்பியவர் அத்தை. அன்றும் அவர்தான்.

"ஏங்க, ஒன்னு கேக்கவா? சாவிய முறுக்கிப் பிடிச்சிருக்கிற வரைக்கும் ஒன்னுமே இல்ல. கைய விடறப்பதான் ஒரு தடவ 'புஸ்'னு தும்முது. நேத்தும் அப்படித்தான்."

போர்மன் அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். "தம்பி, அந்த விளக்க சொலினாய்டுல வை. அக்கா, இப்ப ஸ்டார்ட் அடிங்க."

சாவி 'ஆன்' நிலையில் விளக்கு எரிந்தது. அத்தை மேலும் திருப்பி ஸ்டார்ட்டர் சுற்றத் தொடங்கியதும் அணைந்தது. கையை விட்டதும் மீண்டும் எரிந்தது. ஸ்டார்ட்டர் பேட்டரியை இழுப்பதால் விளக்கு மங்குவது இயல்பு, 12.5 வோல்ட் 10 வரை இறங்கலாம். இது மங்கவில்லை. முற்றாக அணைந்தது.

காரணம் சாவிக் கட்டையில் இருந்தது. பேட்டரியிலிருந்து வரும் மின்சாரத்தை அது மூன்று வழியாகப் பிரிக்கிறது: ரேடியோ போன்ற வசதிகளுக்கு 'ஏசிசி', எஞ்சின் ஓடத் தேவையானவற்றுக்கு 'ஆன்', ஸ்டார்ட்டருக்கு 'ஸ்டார்ட்'. ஸ்டார்ட் அடிக்கும் அந்தச் சில வினாடிகள், பேட்டரியின் பலம் முழுவதும் ஸ்டார்ட்டருக்குப் போகட்டும் என்று 'ஏசிசி' வழியை சாவிக் கட்டையே துண்டித்துவிடும். 'ஆன்' வழி மட்டும் உயிரோடு இருக்கும். ரேடியோ ஒரு கணம் ஊமையாவது இதனால்தான்.

'ஹாஃப் கட்' கடைகளில் எஞ்சினை இறக்கும்போது ஒயர்களைப் பெரும்பாலும் வெட்டித்தான் எடுப்பார்கள். எங்கள் எஞ்சினின் இணைப்பியும் வெட்டுப்பட்டு, பழைய லோரியின் இணைப்பியோடு பொருந்தாமல் இருந்தது. ஆகவே போர்மன் அண்ணன் சொலினாய்டுக்குப் புதிதாக ஓர் ஒயர் இழுத்தார். சாவி போட்டால் மின்சாரம் வரும் ஒயர் ஒன்று வேண்டும். கைக்கு எட்டியது ரேடியோவுக்குப் போகும் ஒயர். விளக்கு வைத்துப் பார்த்தார், எரிந்தது, இணைத்துவிட்டார்.

இப்போது எல்லாம் பொருந்தியது. சாவி 'ஆன்' நிலையில் இருக்கும்போது சொலினாய்டு திறக்கிறது. பம்பின் அறையில் கொஞ்சம் டீசல் நுழைகிறது. ஸ்டார்ட் அடித்ததும் வழி அடைபடுகிறது. உள்ளே மாட்டிய டீசல் ஓரிரு சொட்டாக வெளியேறுவதோடு சரி. சாவியை விட்டதும் வழி மீண்டும் திறக்கிறது. எஞ்சின் நிற்பதற்கு முன் உள்ள அரை வினாடிச் சுழற்சியில் ஏதாவதொரு சிலிண்டருக்குக் கொஞ்சம் டீசல் கிடைத்து, அது தும்முகிறது. பம்பின் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

எங்கள் சோதனைகள் தவறானவை அல்ல. செய்த நேரம்தான் தவறு. எஞ்சின் பிடிக்காமல் போவது ஸ்டார்ட் அடிக்கும்போது. நாங்கள் விளக்கு வைத்துப் பார்த்ததோ எஞ்சின் அசையாமல் நின்றபோது. கோளாறு நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் அளந்தவர் யாருமில்லை, அத்தையின் காதைத் தவிர.

உடனே ஒயரை மாற்றவில்லை. முதலில் பேட்டரியின் நேர்முனையிலிருந்து தற்காலிகமாக ஓர் ஒயரை நேராகச் சொலினாய்டில் தொடவைத்து ஸ்டார்ட் அடித்தோம். தளர்த்தி வைத்திருந்த நட்டுகளில் டீசல் துடித்து வந்தது, ஒவ்வொன்றாக இறுக்கினோம். மூன்றாவது நட்டை இறுக்கும்போதே எஞ்சின் வெள்ளைப் புகையோடு இடறி இடறிப் பிடித்தது, நான்காவதை இறுக்கியதும் சீரானது. ஒயரை எடுத்ததும் நின்றது. அதன் பிறகுதான் சாவிக் கட்டையின் 'ஆன்' முனையிலிருந்து, இடையில் ஒரு ஃபியூஸ் வைத்து, நிரந்தரமாக இழுத்தோம். ரேடியோ ஒயர் ரேடியோவுக்கே திரும்பிப் போனது. மொத்தச் செலவு 20 ரிங்கிட்டைத் தாண்டவில்லை.

பிடிக்காத எஞ்சினுக்கு ஈதர் அடங்கிய 'ஸ்டார்ட்டிங் ஸ்பிரே' அடிக்கச் சொல்லி இடையில் இரண்டு பேர் யோசனை சொன்னார்கள். டீசல் எஞ்சினில், அதுவும் சூடேற்றி பூட்டியதில், அது வெடித்துப் பிஸ்டனையோ வளையத்தையோ உடைத்துவிடும். நல்ல வேளையாக மாமா மறுத்துவிட்டார்.

மேலே சொன்னவை இயந்திரப் பம்பு கொண்ட பழைய எஞ்சின்களுக்குப் பொருந்தும். டென்சோ நிறுவனம் 1995இல் ஹினோ லோரியில் முதன்முதலாக அறிமுகப்படுத்திய 'காமன் ரெயில்' முறை இப்போதைய லோரிகளில் பரவலாக உள்ளது. அதில் அழுத்தம் 1,000 பாருக்கு மேல் போகும். நட்டைத் தளர்த்திப் பார்க்கும் வேலையை அதில் செய்யவே கூடாது. எஞ்சினோடு அதன் கணினியும், சில வண்டிகளில் சாவியின் திருட்டுத் தடுப்புக் குறியீடும் சேர்ந்து பொருந்த வேண்டும். சுற்றும் தண்டின் சென்சார் ஒன்று பூட்டப்படாமல் போனாலும் சுற்றும், பிடிக்காது. கணினி பதிவு செய்யும் பிழைக் குறியீடுகளைப் படிக்கும் கருவி இல்லாமல் அதில் இறங்க வேண்டாம்.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அழுத்தம், வெப்பம், வெற்றிடம் என்ற சொற்களை நான் தமிழ்ப்பள்ளியில் கற்றேன். இடைநிலைப்பள்ளியில் அவை மலாய்ச் சொற்களாயின. இங்கே ஆங்கிலச் சொற்களாகிவிட்டன. மாமாவின் கொட்டகையில் மூன்றும் போதவில்லை. 'புடிக்குது', 'தும்முது', 'காத்து எடுக்கணும்' என்று அவர்கள் பேசுவதை நான் பேச்சுவழக்கு என்று நினைத்து மனத்துக்குள் ஆங்கிலத்தில் மாற்றிக்கொண்டிருந்தேன். 'தும்முது' என்று அத்தை சொன்னபோதும் முதலில் அதைத்தான் செய்தேன். போர்மன் அண்ணன் செய்யவில்லை.

எஞ்சினை மாற்றினால் வண்டியின் பதிவில் உள்ள எஞ்சின் எண்ணையும் ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்துத் துறையில் மாற்ற வேண்டும். வாங்கிய கடையின் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள், பரிசோதனைக்குப் போகும்போது கேட்பார்கள். மாமா அந்த வேலையை மறுவாரம் முடித்தார். அதற்கிடையே, குலைகளை வேறொருவரிடம் கொடுத்த அந்தத் தோட்டக்காரரை நேரில் பார்த்துப் பேசப் போனார். அவர் அடுத்த வெட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்.